பழையது வாங்குவோம், பார்த்து வாங்குவோம்!

(பிரிஞ்சாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தொழிற்சங்க மேடை என்றால் கூலி உயர்வைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சற்று வேறானது. கைக்கு வந்த கூலி எந்த வழியாக வெளியே போகிறது, அந்த வழியை நாம் எப்படிக் காவல் காப்பது என்பதே இன்றைய பொருள். அதிலும் ஒரே ஒரு வழியைத்தான் எடுத்துக்கொண்டோம். பிறர் உடுத்திக் கழித்த உடுப்பையும், பிறர் பயன்படுத்திய சாமானையும் விலைக்கு வாங்குவதில் உள்ள இலாபமும் நஷ்டமும் என்ன என்பதைப் பார்ப்போம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிக்கனம் கூலிக்கு ஈடாகாது. "பழைய சட்டை மலிவாகக் கிடைக்கிறதே, உங்களுக்குக் கூலி எதற்கு உயர வேண்டும்?" என்று யாராவது கேட்டால் அந்தப் பேச்சுக்கு நாம் காது கொடுக்கக் கூடாது. உழைப்புக்கேற்ற கூலியைக் கேட்பது நம் உரிமை. கிடைத்த கூலியைக் கட்டிக் காப்பது நம் சாமர்த்தியம். இரண்டும் இரண்டு கைகளைப் போல. ஒரு கையை வெட்டிவிட்டு மற்றொரு கையால் கொழுந்து பறிக்க முடியுமா?

குளிருக்கு ஏழை பணக்காரன் தெரியுமா?

மலையடிவாரத்தில் தாப்பாவிலும் ஈப்போவிலும் இருக்கும் தொழிலாளிக்கு ஒரு மெல்லிய சட்டை போதும். நாம் இருப்பதோ மலை உச்சி. பிரிஞ்சாங் மலையின் சிகரம் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கிறது. 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கேமரன் மலையில் வெப்பநிலை 7.8 டிகிரிக்கு இறங்கியது. மலேசியாவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை அதுதான். ஒவ்வொரு நாளும் அவ்வளவு குளிர் இல்லை என்றாலும், விடியற்காலையில் கொழுந்துக் கூடையைத் தூக்கும்போது பனியும் மழையும் நம் தோளில்தான் முதலில் இறங்குகின்றன.

ஆகவே இங்கே கம்பளிச் சட்டை ஆடம்பரம் ஆகாது. அரிசியைப் போல் அத்தியாவசியம். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து கம்பளிச் சட்டை, ஐந்து மழைச்சட்டை, ஐந்து ஜோடி பூட்ஸ் வேண்டும். பிள்ளைகளுக்கோ ஆண்டுதோறும் கை நீளுகிறது, கால் வளருகிறது. சட்டை மட்டும் வளருவதில்லை. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் பிடித்தது போக மிஞ்சுவதில் அரிசி, பால்மாவு, பள்ளிச் செலவு, மருந்துச் செலவு எல்லாம் போயாக வேண்டும். பிறகு எல்லோருக்கும் புத்தம் புதிய கம்பளிச் சட்டை வாங்குவது எந்த வீட்டில் நடக்கும்?

இந்த இடத்தில்தான் 'பண்டல் கடை' என்று நாம் சொல்லும் பழைய உடுப்புக் கடை நமக்குக் கைகொடுக்கிறது. குளிர் நாட்டுக்காரர்கள் கழித்துப் போடுவது எது? கம்பளிச் சட்டை, தடித்த மேலங்கி, கழுத்துத் துணி. வெப்பம் மிகுந்த கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இவற்றை அவ்வளவாகச் சீண்டுவாரில்லை. அங்கே விலை போகாதது இங்கே நமக்குத் தேவை. மலைவாசியான தொழிலாளிக்குக் காலமும் இடமும் சேர்ந்து தந்திருக்கும் ஒரு வசதி இது.

வெட்கப்பட என்ன இருக்கிறது?

"அடுத்தவன் போட்ட சட்டையை நாம் போடுவதா?" என்று சில வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். பெரியவர்கள் பொறுத்துக்கொண்டாலும் பிள்ளைகள் பள்ளியில் கேலிக்கு அஞ்சுகிறார்கள். இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மானம் பெரிதுதான். ஆனால் மானம் எதில் இருக்கிறது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் முன்னோர் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றார்கள். புதியதைக் கட்டு என்று சொல்லவில்லை. சுத்தமாகக் கட்டு என்றார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் பாடநூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் தொடங்கிய பாடநூல் கடனுதவித் திட்டத்தில், ஒரு பிள்ளை படித்த நூலை அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளை படிக்கிறது. 2008 முதல் ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லா மாணவர்களுக்கும் அந்தத் திட்டம் உண்டு. பழைய நூலைப் படித்ததால் எந்தப் பிள்ளையின் அறிவாவது குறைந்துவிட்டதா?

தமிழ்நாட்டில் சென்னை மூர் மார்க்கெட்டைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில் பழைய புத்தகமும் பழைய சாமானும் தேடி மாணவரும் பேராசிரியரும் எழுத்தாளரும் அலைந்தார்கள். 1985 மே மாதம் அது தீக்கு இரையானபோது படித்தவர் உலகமே வருந்தியது. அமெரிக்காவில் போஸ்டன் நகரில் 1902-இல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் பணக்காரர் வீடுகளில் பழைய துணிமணிகளைச் சேகரித்தார். வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அவற்றைத் தைத்துச் செப்பனிடச் செய்தார். பிறகு மலிவு விலைக்கு விற்றார். அதுதான் இன்று 'குட்வில்' என்ற பெரிய நிறுவனமாய் வளர்ந்திருக்கிறது. இரட்சணிய சேனை நடத்தும் பழைய சாமான் கடைகள் நம் நாட்டிலும் இருக்கின்றன. ஜப்பானில் பழைய புத்தகம் விற்றுப் பெரிதான 'புக்காஃப்' நிறுவனம், 2016-இல் சுபாங் ஜெயாவில் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்ற பெயரில் கடை திறந்தது. அங்கே காரில் வந்து இறங்குகிறவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு பழையது பொறுக்குகிறார்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு மட்டும் ஏன்?

காசு கொடுத்து வாங்குகிறோம், யாரிடமும் கையேந்தவில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் வேறு. ஊரார் மெச்சப் புதியது வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் கடன்காரனைக் கண்டதும் வீட்டின் பின்வாசல் வழியாக நழுவுகிறோமே, அது அல்லவா வெட்கம்?

மூட்டை வரும் வழி

வாங்குகிறவனுக்கு வியாபாரத்தின் உள்விவகாரம் தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் குறையும். ஆகவே அந்தப் பழைய சட்டை இங்கே எப்படி வந்து சேருகிறது என்பதைப் பார்ப்போம்.

ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் மக்கள் கழித்த துணிகள் சேகரிக்கப்பட்டு, அழுத்திக் கட்டிய பெரிய மூட்டைகளாகக் கப்பலேறுகின்றன. ஜப்பானியப் பழைய துணி அதிகமாக வந்திறங்கும் நாடுகளில் மலேசியா முக்கியமானது. இங்கே தொழிலாளர் அவற்றைப் பிரித்து, தரம் பார்த்து, வகை வகையாகப் பங்கிடுகிறார்கள். நல்லவை கடைக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. கிழிந்தவை இயந்திரம் துடைக்கும் துணியாகின்றன. இந்தியாவில் பானிப்பட் நகரத்து ஆலைகள் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, மறுபடியும் நூலாக்கிப் போர்வை நெய்கின்றன. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வீடிழந்தவர்களுக்கு நிவாரணமாகக் கொடுக்கப்படும் போர்வைகளில் அந்த நூல் நிறையக் கலந்திருக்கிறது.

மூட்டையை வாங்கும் கடைக்காரர் எடைக்குத்தான் விலை கொடுக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்துப் பார்த்தால்தான் அவருக்கே முழுதும் தெரியும். இதிலிருந்து நமக்கு இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு சட்டைக்கும் அவருக்கென்று தனி அசல் விலை கிடையாது; ஆகவே பேரத்துக்கு இடமுண்டு. இரண்டாவது, புது மூட்டை பிரித்த அன்று நல்லவை மேலே கிடக்கும். நாளாக நாளாகப் பொறுக்கியது போக மிச்சம்தான் இருக்கும், ஆனால் விலையும் இறங்கும். "அண்ணே, அடுத்த மூட்டை எப்போது பிரிக்கிறீர்கள்?" என்று கேட்டு வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. வாடிக்கையாளர் என்று தெரிந்தால் சொல்லத்தான் செய்வார்கள்.

இந்த வியாபாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு; அதை மறைக்கக் கூடாது. ஆப்பிரிக்காவில் கென்யா மக்கள் இதை 'மித்தும்பா' என்கிறார்கள். மூட்டை என்பதே பொருள். கானாவில் 'ஒப்ரோனி வாவு' என்கிறார்கள். இறந்த வெள்ளையரின் உடுப்பு என்று அர்த்தம். அந்நாட்டின் அக்ரா நகரத்துக் கண்டாமண்டோ சந்தை பல்லாயிரம் பேருக்குச் சோறு போடுகிறது. 2025 ஜனவரி தொடக்கத்தில் அது தீப்பிடித்து எரிந்தபோது வியாபாரிகள் தெருவில் நின்றார்கள். ஆனால் அதே நாட்டில், விற்காத துணி கழிவாகக் குவிந்து சாக்கடையையும் கடற்கரையையும் அடைக்கிறது. உள்நாட்டுத் தையல் தொழிலாளியின் பிழைப்பைக் காக்க வேண்டும் என்று ருவாண்டா பழைய துணிக்கு வரியைப் பலமடங்கு உயர்த்தியது. இந்தோனேசியாவும் பழைய உடுப்பு இறக்குமதிக்குத் தடை போட்டிருக்கிறது. ஒரு தொழிலாளியின் மலிவு இன்னொரு தொழிலாளியின் வேலையில் கை வைக்கலாம் என்பதை மறக்காமல் வாங்குவோம். தேவைக்கு வாங்கி, வாங்கியதைக் கந்தலாகும்வரை உடுத்துவோம். மலிவு என்று மூட்டையாய் வாங்கி, மூட்டையாய் எறிந்தால் சிக்கனமும் இல்லை, நியாயமும் இல்லை.

மாட்டின் பல்லைப் பாருங்கள்!

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. இது காசுக்கு வாங்கும் மாடு. பல்லையும் பார்க்க வேண்டும், குளம்பையும் பார்க்க வேண்டும், நாலடி நடத்தியும் பார்க்க வேண்டும்.

கடைக்குப் புறப்படுமுன் வீட்டில் ஒரு சிறு வேலை இருக்கிறது. ஒரு நூலை எடுத்து ஒவ்வொருவரின் தோள் அகலம், கை நீளம், இடுப்பு, பாதம் ஆகியவற்றை அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டியில் தைத்திருக்கும் அளவை நம்பாதீர்கள். ஜப்பானிய அளவு சிறியது. அவர்களுடைய பெரிய அளவு நமக்கு நடுத்தரமாக இருக்கும். ஜப்பானியக் காலணியில் 24.5 என்று போட்டிருந்தால் பாதத்தின் நீளம் 24.5 சென்டிமீட்டர் என்று பொருள். நூல் கையில் இருந்தால் பிள்ளையை வேலை மெனக்கெட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

சட்டையை எடுத்ததும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பூச்சி அரித்த துளையும் இழை தேய்ந்த இடமும் அப்போது தெரியும். பிறகு உள்ளே வெளியாகத் திருப்புங்கள். அக்குள், கழுத்து, மணிக்கட்டு, இடுப்புத் தையல் ஆகிய நான்கு இடங்களே சட்டையின் வயதைச் சொல்லும். ஜிப்பை மேலும் கீழும் மூன்று முறை இழுத்துப் பாருங்கள். பொத்தான் போனால் பத்துக் காசு வேலை. ஜிப்பு போனால் சட்டையின் விலையையே அது தின்றுவிடும். மூக்கில் வைத்து முகருங்கள். பூச்சி உருண்டை வாசனை வெயிலில் போகும். பூஞ்சணம் பிடித்த முடை நாற்றம் இந்த ஈர மலையில் போகவே போகாது.

மழைச்சட்டைக்குத் தனிப் பரீட்சை உண்டு. அதன் உட்புறத்தைக் கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலும், பசை மாதிரி ஒட்டினாலும், தோல் மாதிரி உரிந்தாலும் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். நீர் புகாமல் காக்கும் பூச்சு செத்துவிட்டது என்று அர்த்தம். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் முதல் மழையிலேயே உள்ளே நனைப்பது நிச்சயம்.

இறகு அடைத்த மேலங்கி பார்க்க அழகு, தூக்க இலேசு. வீட்டில் உடுத்த நல்லது. மலைச்சரிவில் வேலைக்கு உதவாது. நனைந்தால் இறகு கட்டி தட்டிச் சூட்டை இழந்துவிடும். பருத்தித் துணியும் அப்படியே. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும். வேலைக்காட்டுக்கு ஏற்றது உள்ளே கம்பளி, வெளியே நீர் புகாத நைலான். நனைந்த கம்பளிக்கும் ஓரளவு சூடு உண்டு.

பூட்ஸ் விஷயத்தில் கண்ணை மட்டும் நம்பினால் மோசம் போவோம். புதிதுபோல் மின்னும் காலணியாக இருக்கும். போட்டு இரண்டு நாள் நடந்ததும் அடித்தோல் பிஸ்கோத்துபோல் நொறுங்கும். பாலியூரித்தேன் என்னும் பொருளால் செய்த அடிப்பாகம், போடாமல் சும்மா வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோவதே காரணம். ஆகவே காலணியை இரு கைகளாலும் வளையுங்கள். கட்டைவிரல் நகத்தால் அடிப்பாகத்தை அழுத்துங்கள். நகம் பதிந்து குழி அப்படியே நின்றாலும், வெடிப்பு தெரிந்தாலும் வேண்டாம். ரப்பர் பூட்ஸை மடக்கிப் பார்த்தால் மடிப்பில் நுண்ணிய கீறல்கள் தெரியும். பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு ரப்பரின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; வெயிலில் கிடந்த ரப்பர் வெடிக்கும், வெடித்த ரப்பர் தண்ணீரை நிறுத்தாது.

மின்சாரச் சாமானில் விளையாடாதீர்கள்

தோழர்களே, இந்த ஒரு விஷயத்தைப் பெண்டு பிள்ளைகள் எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களில் மின்சாரச் சோற்றுப் பானையும் விசிறியும் மலிவாகக் கிடைக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் வருவதோ 230 முதல் 240 வோல்ட். அங்குள்ள பானையை இங்கே நேரே செருகினால் பானை கருகும், வீடும் பற்றலாம். சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 100 என்று மட்டும் போட்டிருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சிரிம் முத்திரை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

எந்த மின்சாரச் சாமானானாலும் கடையிலேயே செருகி, கால் மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், நல்லா ஓடும்" என்று சொன்னால், "அந்த ஓட்டத்தை இங்கேயே காட்டுங்கள் தவுக்கே" என்று தாராளமாகக் கேட்கலாம். குளிர்ப்பெட்டி வாங்கினால் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தாள் சுலபமாக வந்தால் குளிர் வெளியே ஓடும். மின்சாரக் கட்டணம் ஏறும். லாரியில் ஏற்றும்போது நிமிர்த்தி ஏற்றுங்கள். வீட்டில் இறக்கியதும் உடனே செருகாமல் சில மணி நேரம் நிற்கவிட்டுப் பிறகு செருகுங்கள்.

பழையதாக வாங்கவே கூடாதவை சில உண்டு. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஒன்று. ஒருமுறை கீழே மோதிய கவசத்தின் உட்பாகம் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது, உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும். காரில் வைக்கும் குழந்தை இருக்கையும் அப்படியே. எரிவாயு அடுப்பின் குழாயும் ரெகுலேட்டரும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். மெத்தையும் தலையணையும் மூட்டைப்பூச்சியைக் குடும்பத்தோடு கொண்டுவரும். இந்த நான்கிலும் மிச்சம் பிடிக்கும் காசு, காசே ஆகாது.

வாங்கிய துணியை அப்படியே பிள்ளைக்குப் போடாதீர்கள். தாங்கக்கூடிய துணியானால் கொதிக்கும் சுடுநீரில் ஊறவைத்துச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயில் அடிக்கும் நாளில் நன்றாகக் காயவையுங்கள். கம்பளியைச் சுடுநீரில் போட்டால் சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும். அதை ஒரு பையில் கட்டி நான்கு நாள் குளிர்ப்பெட்டியின் உறைபெட்டியில் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். பிறகு குளிர்ந்த நீரில் அலசலாம்.

பேரமும் கணக்கும்

பேரம் பேசுவது சண்டையாகாது. முகம் கொடுத்து, மரியாதையாகப் பேசினால் விலை தானாக இறங்கும். எடுத்தவுடன் நமக்கு வேண்டியதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விலை கேட்டால் கடைக்காரர் நம் மனத்தைப் படித்துவிடுவார். இரண்டு மூன்றை எடுத்து வைத்து, "அக்கா, மூன்றும் சேர்த்து என்ன விலை?" என்று கேளுங்கள். குறை தெரிந்தால் காட்டுங்கள்: "இந்தக் கையில் தையல் விட்டிருக்கிறது பாருங்கள்" என்று சொன்னால் நாலு காசு குறையும். இரவுச் சந்தை கலையும் நேரத்தில், சுமையை மறுபடி லாரியில் ஏற்ற மனமில்லாமல் விலையை விடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கடையின் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நியாயமான இலாபத்தை மறுப்பது தொழிலாளிக்கு அழகில்லை.

கணக்கையும் சரியாகப் போட வேண்டும். ஈப்போவில் சட்டை பத்து வெள்ளி, பிரிஞ்சாங்கில் பதினைந்து வெள்ளி என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டால், போய்வரும் செலவும் சாப்பாட்டுச் செலவும் ஒரு நாள் கூலியும் யார் கணக்கில் சேரும்? ஒரு சட்டைக்காக மலையிறங்குவது நஷ்டம். பத்துக் குடும்பத்தின் நூல் முடிச்சுகளை எடுத்துக்கொண்டு, பொறுக்கத் தெரிந்த இருவர் மட்டும் போய் வந்தால் இலாபம்.

மலிவு என்ற சொல்லே ஒரு தூண்டில். ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கிறதே என்று உடுத்தாத சட்டை நான்கு வாங்கினால் மிச்சம் ஒன்றுமில்லை. இருபது வெள்ளி போனதுதான் மிச்சம். ஆகவே வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தாளில் இல்லாததைத் தொடாதீர்கள்.

இப்போது தவணைக் கணக்கைப் பார்ப்போம். புதிய குளிர்ப்பெட்டி ஒன்று ரொக்கத்துக்கு 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தவணைக்கடையில் மாதம் 75 வெள்ளி, இரண்டே வருஷம் என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இருபத்து நான்கு மாதத்தை 75 ஆல் பெருக்கினால் 1,800 வெள்ளி. பெட்டி ஒன்று, கொடுத்தது ஒன்றரைப் பெட்டியின் விலை! அதே வீட்டில் நல்ல பழைய பெட்டியை 400 வெள்ளி ரொக்கத்துக்குப் பார்த்து வாங்கினால், அந்த 75 வெள்ளியை மாதந்தோறும் நம் பெயரிலேயே போட்டு வரலாம். இரண்டு ஆண்டில் 1,800 வெள்ளி நம் கையில் நிற்கும். பழைய பெட்டி மூன்றாம் ஆண்டு நின்றுபோனாலும், புதியதை ரொக்கமாகவே வாங்கிவிடலாம்.

முற்காலத்தில் தோட்டத்துக் கடையின் பற்றுப் புத்தகம் நம் பாட்டன் பூட்டனைக் கட்டிப்போட்டது. சம்பள நாளில் காசு கைக்கு வருமுன்பே கடைக்காரர் கணக்கில் போய் விழுந்தது. இன்று அந்தப் புத்தகம் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டு, "இப்போது வாங்கு, பிறகு கொடு" என்று கூப்பிடுகிறது. பெயர் மாறியிருக்கிறது, பிடி மாறவில்லை. தொழிலாளி சிறுகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதையும் நம் சரித்திரம் காட்டியிருக்கிறது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களை விலைக்கு வாங்கியது எந்தக் கோடீசுவரரின் பணம்? பால்மரம் சீவியவர்கள் கட்டிய சந்தாப் பணம்தானே!

திருட்டுச் சாமான் வேண்டாம்

நல்ல கைப்பேசி, நல்ல மோட்டார் சைக்கிள், ஆனால் விலை மட்டும் பாதிக்குப் பாதி என்றால் காரணம் இருக்கும். திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்குகிறவனும் சட்டத்தின் முன் குற்றவாளிதான். பழைய சாமான் வியாபாரிகளுக்கென்று 1946-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே நிலையான கடையில் ரசீதோடு வாங்குவது உத்தமம்.

மோட்டார் சைக்கிள் வாங்கினால் பதிவு அட்டையில் உள்ள எண்ணும், வண்டியின் சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வங்கிக் கடன் பாக்கி உண்டா, அபராதம் பாக்கி உண்டா என்று கேளுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றும்வரை முழுப்பணத்தையும் கொடுக்காதீர்கள். "அண்ணன் தம்பி மாதிரி பழகினோம், பெயரை அப்புறம் மாற்றிக்கொள்வோம்" என்ற பேச்சு நட்பையும் கெடுக்கும், காசையும் கெடுக்கும்.

இப்போது முடா, கரோசெல், பேஸ்புக் ஆகியவற்றின் மூலமாகவும் பழையது வாங்குகிறார்கள். சாமானைக் கண்ணால் பார்க்குமுன் முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகல் வேளையில், சாமானைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பணம் அனுப்பி மோசம் போனவர்கள் சும்மா புலம்பிக்கொண்டிராமல் உடனே 997 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். மோசடிகளைத் தடுக்க அரசாங்கம் 2022-இல் அமைத்த மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

கூடிச் செய்வோம்

தாய்மார்களே! தனித்தனியாகச் செய்யும் சிக்கனத்தைவிடக் கூடிச் செய்யும் சிக்கனத்துக்குப் பலம் அதிகம். ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டை அடுத்த லயத்துப் பிள்ளைக்குப் பொருந்தும். பள்ளி திறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி, வளர்ந்த பிள்ளைகளின் சீருடை, காலணி, பை, கம்பளிச் சட்டை ஆகியவற்றைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்தால், காசே செலவில்லாமல் ஒரு கடை நடத்திவிடலாம். தையல் தெரிந்த சகோதரி ஒருவர் கால் நீளம் குறைக்கவும் கை தைக்கவும் முன்வந்தால் அவருக்கு ஒரு நியாயமான கூலி கொடுப்போம். நம் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் வங்காளதேசத்து, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளிகளையும் அழைப்போம். வந்த புதிதில் குளிரில் நடுங்கும் அவர்களுக்கு, மூட்டை முடிச்சோடு கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோரின் நிலைமை நன்றாகப் பொருந்தும்.

பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். "இது பழைய சட்டை, நன்றாகப் பார்த்து, பேரம் பேசி, துவைத்துத் தைத்துத் தந்திருக்கிறோம், மிஞ்சிய காசு உன் படிப்புக்கு" என்று நேரே சொல்லுங்கள். காசின் அருமை தெரிந்து வளரும் பிள்ளை நாளைக்குக் கடன்காரன் வலையில் விழாது.

தோழர்களே! கூலிக்காகக் குரல் கொடுக்கும்போது ஒற்றுமையாக நிற்கிறோம். அந்தக் கூலியைச் செலவழிக்கும்போதும் அதே ஒற்றுமையும் விழிப்பும் வேண்டும். அளந்து பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். தேவையானதை வாங்கி, தேவையில்லாததைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோம். வரும் மழைக்காலத்தில் இந்த மலையில் எந்தத் தொழிலாளியின் பிள்ளையும் குளிரில் நடுங்கக் கூடாது. எந்தத் தொழிலாளியின் வீடும் கடனில் நடுங்கக் கூடாது.